கார்புரேட்டர் திருகாணி எங்கே போனது?

பழைய பைக் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி மறந்திருக்காது. வண்டி ஐடிலிங்கில் நிற்கவில்லை என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அவர் ஸ்டார்ட் செய்துவிட்டுக் குந்தி உட்காருவார். கார்புரேட்டரின் ஓரத்தில், பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை வைக்கும் சின்னத் திருகாணியை முழுக்க உள்ளே திருகிவிட்டு, அப்புறம் ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பார். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். இன்னும் கால் சுற்று. ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, "சரி, எடுத்துட்டுப் போங்க" என்பார்.

அந்தக் கால் சுற்றுக்குப் பெயர்தான் கேலிப்ரேஷன். அவர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் 1 அன்று இந்தியா பிஎஸ்-4 புகை விதியிலிருந்து பிஎஸ்-5ஐத் தாண்டிக் குதித்து நேரே பிஎஸ்-6க்கு வந்தது. பெரும்பாலான இருசக்கர வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. கார்களில் இது வெகு முன்பே நடந்துவிட்டது. திருகாணி போனதே தவிர, அது செய்துவந்த வேலை எங்கும் போகவில்லை. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ என்ற கையடக்கக் கணினிப் பெட்டிக்குள் எண்களாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு திருகாணி இருந்த இடத்தில் இப்போது ஆயிரக்கணக்கான எண்கள். நவீன டீசல் கார் என்றால் பல பத்தாயிரம். அவற்றை யாரோ ஒருவர் உட்கார்ந்து வைத்திருக்கிறார். சென்னையைச் சுற்றி, ஒரகடம் முதல் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி வரை, இதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "மகன் கார் கம்பெனியில இருக்கான்" என்று மட்டும்தான் வீட்டில் சொல்வார்கள்.

ஈசியூவுக்குள் இருப்பதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிதாகப் புரியும். ஒன்று மென்பொருள். "இன்ஜின் குளிர்ந்திருந்தால் பெட்ரோலைக் கூட்டு" என்பது அது. இன்னொன்று தரவு. எவ்வளவு குளிர்ந்திருந்தால் எவ்வளவு கூட்டுவது என்பது இது. மென்பொருளைப் பெரும்பாலும் பாஷ், டென்சோ போன்ற ஈசியூ தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள். ஏறத்தாழ ஒரே மென்பொருள் நாலு கம்பெனிகளின் நாற்பது வண்டிகளில் ஓடும். ஆனால் ஒரு வண்டி இழுவையாகவும் இன்னொன்று மைலேஜ் வண்டியாகவும் இருக்கிறதே, அதில் இன்ஜினுக்கு இருக்கும் பங்கு போக மிச்சம் இந்த எண்களுடையது.

எண்களில் பெரும்பகுதி 'மேப்' என்ற அட்டவணை வடிவில் இருக்கும். ஸ்பார்க் பிளக் எப்போது பொறி விட வேண்டும் என்பதற்கான மேப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் இன்ஜின் வேகம், இன்னொரு பக்கம் சுமை, அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பது. பதினாறுக்குப் பதினாறு கட்டம் என்றால் 256 எண்கள். 3000 ஆர்பிஎம் கட்டத்தில் 28 டிகிரி, 3500 கட்டத்தில் 31 டிகிரி என்று இருக்கிறது. வண்டி ஓடுவதோ 3200-ல். ஈசியூ இடைவெளியைப் பங்கு போட்டு 29.2 என்று எடுத்துக்கொள்ளும். பிஸ்டன் மேல் முனைக்கு வருவதற்கு கிராங்க் என்ற சுழல் தண்டு இன்னும் 29.2 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே பொறி விழும்.

சரி, 28 மாதிரியான ஓர் எண் எங்கிருந்து வருகிறது?

இன்ஜினைத் தனியாகக் கழற்றி டைனோவில் மாட்டுவார்கள். டைனோ என்பது இன்ஜினை ஒரே வேகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு அதன் டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, அளக்கும் எந்திரம். வேகம் 3000, சுமை பாதி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கீபோர்டில் அம்புக்குறியைத் தட்டுகிறார். ஓர் உதாரணக் கணக்காகச் சொன்னால்: 16 டிகிரியில் 88 நியூட்டன் மீட்டர். 20-ல் 92. 24-ல் 94. 26-ல் 94.3. 28-ல் மறுபடியும் 94. உச்சி 26 என்று தெரிகிறது. ஆனால் உச்சியைச் சுற்றி வளைவு எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று பாருங்கள். 24-ல் வைத்தால் இழப்பது அரை சதவீதம்கூட இல்லை. பதிலுக்கு சிலிண்டர் அழுத்தம் குறைகிறது, புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சும் குறைகிறது. அனுபவசாலி இந்த வியாபாரத்தைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்.

சுமை ஏற ஏற உச்சிக்கே போக முடியாமல் போகும். அதற்கு முன்பே நாக்கிங் வந்துவிடும். சுடர் போய்ச் சேருவதற்கு முன்பு மூலையில் மிஞ்சிய கலவை தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் அது ஏறத்தாழ 7 கிலோஹெர்ட்ஸில் மணி அடித்தமாதிரி ஒலிக்கும். இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் சென்சார் அந்த ஒலிக்காகவே காது தீட்டிக்கொண்டிருக்கும். கேட்டதும் ஈசியூ பொறியைப் பின்னுக்குத் தள்ளும். ஆனால் வால்வு மூடும் சத்தமும் அதே சென்சாருக்குக் கேட்கும். எதை நாக்கிங் என்று எடுப்பது, எதைச் சும்மா சத்தம் என்று விடுவது என்பதற்கும் ஓர் எண் வேண்டும். மெக்கானிக் தலையைச் சாய்த்துக் கேட்டாரே, அந்தக் காதுக்குரிய மேப் இது.

இப்படி ஒவ்வொரு கட்டத்தையும் கையால் தேடினால் ஆயுசு போதாது. அதனால் இப்போது தேர்ந்தெடுத்த சில நூறு புள்ளிகளை மட்டும் அளந்து, மீதியைக் கணித மாதிரியால் நிரப்புகிறார்கள். இரவில் டைனோ ஆளில்லாமலே ஓடும். என்றாலும், நிரப்பிய மேப்பை முப்பரிமாணப் படமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்காவது மேடு பள்ளம் இருந்தால் கையால் தடவிச் சமன் செய்வது இன்றும் உண்டு. கணிதத்துக்குச் சரியாகப் பட்ட பள்ளம், ஓட்டுபவர் காலுக்கு உதறலாகத் தெரியும்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை எப்படி மாற்றுகிறார்கள் என்பது தனி சுவாரஸ்யம். ஈசியூவின் எண்கள் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கும். அதை அழித்து எழுத வேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்த வேண்டும். டெவலப்மென்ட்டுக்கென்று வரும் ஈசியூவில் மட்டும் கூடுதலாக ராம் வைத்து, எண்களின் நகலை அதில் போட்டு, "இனிமேல் இங்கே பார்த்துப் படி" என்று திருப்பிவிடுவார்கள். மூலப் பிரதிக்கு ரெஃபரன்ஸ் பேஜ், நகலுக்கு வொர்க்கிங் பேஜ் என்று பெயர். ஒரு தட்டுத் தட்டினால் இதிலிருந்து அதற்குத் தாவலாம். புது எண்ணில் வண்டி உதறுகிறதா, பழையதிலும் உதறியதா என்று ஓடும்போதே ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான் முடிகிறது.

கணினியும் ஈசியூவும் பேசிக்கொள்ளும் முறைக்கு எக்ஸ்சிபி என்று பெயர். 2003-ல் ஜெர்மனியின் அசாம் அமைப்பு வெளியிட்ட தர விதி. அதற்கு முன்பிருந்த சிசிபி, கேன் கம்பியில் மட்டும் ஓடும். கேன் என்பது பாஷ் நிறுவனம் 1986-ல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய, இன்றைக்கு எல்லாக் கார்களிலும் இருக்கும் இரட்டைக் கம்பி வலை. எக்ஸ்சிபியில் கம்பி எதுவானாலும் சரி. கேன், ஈதர்நெட், யுஎஸ்பி எதிலும் ஓடும். மறுமுனையில் இன்கா, கேனேப் போன்ற டூல்கள். இரண்டுமே ஸ்டட்கார்ட்காரர்களுடையவை.

ஆனால் ஈசியூவுக்குத் தன் எண்களின் பெயர் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் நினைவக முகவரியும் அதில் கிடக்கும் பைட்டும்தான். பெயர்களை வைத்திருப்பது ஏ2எல் என்ற கோப்பு. "இந்த முகவரியில் இருப்பது பொறி நேரம், எடுத்து 0.75-ஆல் பெருக்கி 48-ஐக் கழித்தால் டிகிரி" என்று அது சொல்லும். பைட்டில் 104 இருந்தால் திரையில் 30 டிகிரி. மென்பொருளை ஒருமுறை புதிதாகத் தொகுத்தால் முகவரிகள் இடம் மாறிவிடும். ஏ2எல் கோப்பும் கூடவே மாற வேண்டும். பழைய கோப்பைப் புதிய ஈசியூவோடு இணைத்தால் என்ன ஆகும்? பொறி நேரத்தை மாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ரேடியேட்டர் ஃபேன் எந்த வெப்பத்தில் சுற்ற வேண்டும் என்பதை மாற்றிக்கொண்டிருப்போம். இரண்டும் பொருந்துகிறதா என்று டூல் முதலிலேயே பார்த்து எச்சரிக்கத்தான் செய்யும். டைனோ வாடகை ஓடிக்கொண்டிருக்கும் அவசரத்தில் 'ஓகே'யை அழுத்தித் தாண்டிப்போய், பாதி நாள் அளந்ததைக் குப்பையில் போட்டவர்களும் இந்தத் தொழிலில் உண்டு.

டைனோ அறையில் காற்று 25 டிகிரியில் இருக்கும். ஊர் அப்படியா இருக்கிறது? அதனால் எண்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு ஸ்வீடனின் வடகோடியில் ஆர்யெப்லோக் என்ற சிற்றூர். குளிர்காலத்தில் அங்கே உறைந்த ஏரிகளின் மேல் சோதனைக் கார்கள் ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு லடாக். கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். காற்று பாதியானால் பெட்ரோலும் பாதியாக வேண்டும். கார்புரேட்டர் பைக்கை லே வரை ஓட்டிப்போனவர்களுக்கு, வண்டி கரும்புகை தள்ளிக்கொண்டு திணறியது ஞாபகம் இருக்கலாம்.

குளிர்ப் பயணத்தில் எல்லாருக்கும் தலைவலி தருவது கோல்ட் ஸ்டார்ட். மைனஸ் 20 டிகிரியில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, தெளித்ததில் பாதி குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் பல மடங்கு தெளிக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் பிளக் நனைந்து போகும், குறைந்தால் பற்றாது. கலவையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய லாம்டா சென்சாரோ சில நூறு டிகிரி சூடேறும் வரை வாய் திறக்காது. ஆகவே ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகள் ஈசியூ குருட்டாம்போக்கில்தான் ஓட்டுகிறது. மேப் சொல்வதே வேதம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டும் அப்போது சூடாகியிருக்காது என்பதால், புகைச் சோதனையில் வெளியேறும் நச்சில் பெரும்பங்கு அந்த ஆரம்ப நேரத்திலேயே வந்துவிடுகிறது. இத்தனை முக்கியமான எண்ணைச் சரிபார்க்கக் கிடைக்கும் வாய்ப்போ ஒரு காலைக்கு ஒன்று. ஒருமுறை ஸ்டார்ட் செய்துவிட்டால் இன்ஜின் சூடாகிவிடும், மறுபடி உள்வரை குளிர ஓர் இரவு நிற்க வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கம்பளி மேல் கம்பளி போட்டுக்கொண்டு போய், சாவியைத் திருகினால் மூன்றே நொடியில் அன்றைய வேலை முடிந்தது. மிச்ச நாளெல்லாம் அந்த மூன்று நொடியின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். குளிரூட்டிய அறைகள் இந்த வேலையில் பாதியை இப்போது எடுத்துக்கொள்கின்றன.

நம் ஊருக்கு இதற்கு நேரெதிர்ப் பிரச்சினை. மே மாதம், சென்னை, மதியம் இரண்டு மணி. வெயிலில் நெடுந்தூரம் வந்த காரை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால், நின்ற இன்ஜினின் சூடு மேலேறி இன்ஜெக்டர் குழாயில் பெட்ரோல் கொப்பளித்திருக்கும். ஸ்டார்ட் செய்தால் பெட்ரோலுக்குப் பதில் ஆவி வரும், வண்டி இருமும். ஆர்யெப்லோக்கில் எத்தனை மாதம் தவம் இருந்தாலும் இது தெரியவராது. ஏசி கம்ப்ரஸர் ஓட, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் விட்டு ஊர்ந்து போவதும் அப்படித்தான். நம் டிராஃபிக்கில் எல்லாரும் செய்வது. ஜெர்மன் எண்களோடு வந்து இறங்கிய வண்டிகள் அதில் குலுங்கி நின்றிருக்கின்றன. இந்த உதறல்களுக்குக் கருவியைவிட மனித உடம்பையே அதிகம் நம்புகிறார்கள். ஓட்டிப் பார்த்துப் பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போடுவது வழக்கம். மூன்று பேர் ஓட்டினால் மூன்று மார்க் வரும். அதற்கப்புறம் யார் சீனியர் என்பதைப் பொறுத்து.

ரோட்டில் செய்ய முடியாத சோதனைகளுக்கு ஹில் என்ற ஏற்பாடு. இங்கே ஈசியூ மட்டும்தான் நிஜம். இன்ஜின், சக்கரம், சாலை எல்லாம் ஒரு பீரோ அளவு கணினிக்குள் ஓடும் கணக்கு. ஈசியூவுக்கு இது தெரியக் கூடாது. அதை ஏமாற்றுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஒரே ஒரு சிக்னலைப் பார்த்தால் போதும். பல இன்ஜின்களில் கிராங்க் நிலையைச் சொல்ல 60 பல் சக்கரம் ஒன்று இருக்கும். அதில் இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள், எங்கிருந்து எண்ணுவது என்று தெரிவதற்காக. ஒரு நிமிடத்துக்கு 60 நொடி, ஒரு சுற்றுக்கு 60 பல். ஆகவே நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ நொடிக்கு அத்தனை பல் இடம் கடந்துபோகும். 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 6000. ஒரு பல்லுக்குக் கிடைப்பது 167 மைக்ரோ நொடி. கணினி அதில் ஒரு பல்லைத் தவறவிட்டாலும் ஈசியூ "கிராங்க் சென்சார் பழுது" என்று பிழைக் குறியீட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும்.

அப்படி ஏமாற்றி முடித்த பிறகு கம்பிகளை அறுக்கத் தொடங்குவார்கள். ஆக்சிலரேட்டர் பெடல் சென்சாரின் கம்பி 120 கிலோமீட்டர் வேகத்தில் அறுந்தால்? அது பேட்டரியோடு ஒட்டிக்கொண்டால்? பாடியோடு ஒட்டினால்? அரைகுறையாகத் தொட்டும் தொடாமலும் இருந்தால்? நெடுஞ்சாலையில் யாரும் இதைச் செய்து பார்க்கப்போவதில்லை. இங்கே ஒரு ரிலே திறந்தால் போதும். ஈசியூ குறித்த நேரத்துக்குள் கண்டுபிடிக்கிறதா, சரியான குறியீட்டைப் போடுகிறதா, விளக்கை எரிக்கிறதா, வண்டியை மெல்ல வீடு வரை கொண்டுபோக வழிவிடுகிறதா என்று ஒவ்வொரு கம்பிக்கும் பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான சோதனைகள் ராத்திரி முழுக்கத் தானாக ஓடி, காலையில் பச்சை சிவப்பாக அறிக்கை வந்து நிற்கும். ஒரு குறை உண்டு. கணக்கில் எழுதிவைத்த இன்ஜின்தான் ஹில்லுக்குத் தெரியும். மே மாதத்து டீக்கடை யாருக்கும் தோன்றவில்லை என்றால் ஹில்லுக்கும் தோன்றாது.

எண்களை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டியது ஃபோக்ஸ்வாகன். அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் டீசல் கார்களின் டிக்கியில் புகை அளக்கும் கருவியை ஏற்றி ஊர் சுற்றினார்கள். ஒன்றை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டல் வரை ஓட்டித் திரும்பினார்கள். 2014 மே மாதம் அறிக்கை வந்தது. ஒரு ஃபோக்ஸ்வாகன் ஜெட்டாவில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு. அதே கார் சோதனைக்கூடத்தில் பாஸ். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நோட்டீஸ் விட்டது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது.

தந்திரம் எங்கே ஒளிந்திருந்தது என்பதை அந்த டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஹேக்கர் பிரித்துக் காட்டினார். சத்தம் தொடர்பானது என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு வேலைக்கூறு. அதற்குள் சில வளைவுகள்: வண்டி கிளம்பி இத்தனை நொடியில் இத்தனை தூரம் போயிருந்தால் என்று மேல்வரம்பும் கீழ்வரம்பும். அவற்றை வரைந்து பார்த்தால், ஐரோப்பியப் புகைச் சோதனையின் 1180 நொடி ஓட்டம் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. வண்டி அந்தச் சந்துக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும் வரை ஒழுங்காக இருக்கும். வெளியே வந்ததும் வேறு எண்கள். வளைவு என்பது கேலிப்ரேஷன் தரவு. யாரோ ஒருவர் நாம் மேலே பார்த்த அதே மாதிரியான திரையில், அதே மாதிரியான அம்புக்குறியைத் தட்டி வைத்தவை. அமெரிக்காவில் ஜேம்ஸ் லியாங் என்ற பொறியாளருக்கு 40 மாதச் சிறை கிடைத்தது. எண்ணில் நேர்ந்த பிழைக்கும் வேண்டுமென்றே செய்த பித்தலாட்டத்துக்கும் கோப்பில் வித்தியாசம் தெரியாது என்பதுதான் எனக்கு இதில் உறுத்துவது. ஏன் வைத்தோம் என்பது ஏ2எல் கோப்பில் எந்தப் பத்தியிலும் இல்லை.

அதன் விளைவு நமக்கும் வந்தது. அதுவரை 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத இந்திய ஓட்டச் சுழற்சியை உருளை மேல் ஓட்டிக் காட்டினால் போதும் என்றிருந்தது. 2023 ஏப்ரல் முதல், கார்கள் கருவியைச் சுமந்துகொண்டு நிஜ ரோட்டிலும் ஓடிக்காட்ட வேண்டும். மேப்பின் மூலை முடுக்குக் கட்டங்களையும் இப்போது ஒழுங்காக நிரப்ப வேண்டியிருக்கிறது. முன்பு அங்கே யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்தது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் முழுக்க எரிய எடைக் கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் கணக்கு ஏறத்தாழ 13.5-க்கு இறங்கும். அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் போல அதிகம் தெளிக்க வேண்டும். லிட்டருக்கு உள்ள ஆற்றலும் சுத்தமான பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறைவு. மைலேஜ் குறைகிறது என்று மக்கள் புலம்புவதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இவ்வளவுதான். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் சக்தி அதிகம். அதைப் பயன்படுத்தி பொறியை முன்னுக்கு நகர்த்தினால் இழந்ததில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதற்கு மேப்பை மாற்றி எழுத வேண்டும், ஏற்கெனவே ரோட்டில் ஓடும் வண்டிக்கு யார் எழுதுவார்கள்? அந்த வண்டிகளில் லாம்டா சென்சார் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஈசியூ தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும். சென்சார் வாய் திறக்காத அந்தக் காலை நேர ஸ்டார்ட்டில்தான், எழுதியவர் எவ்வளவு தாராளமாக இடம் விட்டிருந்தார் என்பது தெரியும்.

தெருமுனை மெக்கானிக்கிடம் இப்போது ஈசியூவில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஒரு சின்ன ஓபிடி டாங்கிள் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகிவிட்டு செல்போனைப் பார்க்கிறார். லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்று ஒரு வரி, பக்கத்தில் +4.7. எழுதிவைத்த மேப்பைவிட 4.7 சதவீதம் அதிகமாகத் தெளித்தால்தான் கலவை சரியாக வருகிறது என்று ஈசியூ ஓட ஓடக் கற்றுவைத்திருக்கிறது. திருகாணி இப்போது இருக்கும் இடம் அதுதான். தானாகவே திருகிக்கொள்கிறது. எத்தனை சுற்று என்று மட்டும் அவரால் எட்டிப் பார்க்க முடிகிறது. பார்த்துவிட்டு, பழக்கதோஷமோ என்னவோ, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்துத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார்.